பன்னிரண்டு பாளம் ரிப்ஸ், ஒரே கேபினட்: எல்லாம் ஒரே பதத்தில் வெந்துவர

அமெரிக்காவில் வார இறுதிக்கு இரண்டு பாளம் ரிப்ஸ், அதாவது எலும்பு வரிசையோடு முழுசாக வெட்டிய விலாக்கறி, புகையில் வேகவைத்துப் பழகியவர்கள், நாற்பது பேர் வரும் விருந்து என்றதும் கேபினட் ஸ்மோக்கர் ஒன்றை வாங்குகிறார்கள், அல்லது தெரிந்தவரிடம் இரவல் கேட்கிறார்கள். பீரோவைப் போல நிமிர்ந்து நிற்கும் பெட்டி அது. கீழே நெருப்பு, அதற்கு மேல் ஐந்தாறு கம்பித் தட்டுகள், உச்சியில் புகைபோக்கி. பன்னிரண்டு பாளம் தாராளமாக உள்ளே போய்விடும். வெளியே எடுக்கும்போதுதான் சிக்கல் தெரியும். ஒரு தட்டில் ஓரம் கருகியிருக்கும், ஒரு தட்டில் பதமாக இருக்கும், இன்னொன்றில் கறி எலும்பை விடவே விடாது.

உடனே பெட்டியைக் குறை சொல்வோம். கூடுதலாக ஒரு தகடு, ஒரு விசிறி, கதவுக்குப் புதிய பட்டை என்று செலவு தொடங்கும். அவை உதவாது என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டிக்குள் எல்லா இடத்திலும் ஒரே சூடு என்பது விளம்பரத்தில் மட்டும் கிடைப்பது. சீரான ரிப்ஸ் வேறு மூன்று இடங்களில் உருவாகிறது: ஒரே அளவுப் பாளங்களைத் தேர்ந்தெடுப்பதில், அவற்றை வேளை பார்த்து இடம் மாற்றுவதில், வெந்தவற்றை வெந்த வரிசையிலேயே வெளியே எடுத்துச் சூடு குறையாமல் காத்து வைப்பதில். கடிகாரத்தைப் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்க நினைப்பவருக்கு எந்தப் பெட்டியும் கைகொடுக்காது.

கீழே சொல்வது பன்றி விலாவுக்கு, பன்னிரண்டு பாளக் கணக்கில். ஆட்டு விலா மெல்லியது. இந்த நேரங்களை அதற்கு அப்படியே வைத்தால் காய்ந்துபோகும். மாட்டு விலா தடிமனானது, மணிக்கணக்கு கூடும்.

வாங்கும்போது

கடைகளில் முக்கியமாக இரண்டு வகை கிடைக்கும். முதுகெலும்பை ஒட்டி வரும் பேபி பேக், வளைந்தது, சிறியது, சீக்கிரம் வேகும். வயிற்றுப் பக்கம் வரும் ஸ்பேர் ரிப்ஸ் பெரியது, கொழுப்பு கூடியது. ஸ்பேர் ரிப்ஸின் அடியில் இருக்கும் குருத்தெலும்புப் பட்டையை வெட்டி நீக்கி, நீள்சதுரமாக ஒழுங்குபடுத்தினால் அதுதான் செயின்ட் லூயிஸ் கட். பெரிய அளவில் செய்ய இதைத்தான் பரிந்துரைப்பேன். நீள்சதுரமாக இருப்பதால் தட்டில் நன்றாக அடங்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடிமனும் ஏறக்குறைய ஒன்றுதான். மொத்த வியாபாரியிடம் வாங்குவதானால் 416ஏ என்ற எண்ணைச் சொன்னால் போதும். அமெரிக்க இறைச்சி வணிகத்தில் செயின்ட் லூயிஸ் கட்டுக்கான குறியீடு அது. பேபி பேக்குக்கு 422.

வகையை விட எடை முக்கியம். ஒன்று 1 கிலோ, இன்னொன்று 1.6 கிலோ என்று கலந்து வாங்கினால் அன்றைய சண்டை அங்கேயே தொடங்கிவிடுகிறது. எல்லாம் 1.1 முதல் 1.3 கிலோவுக்குள் இருக்கும்படி பொறுக்குங்கள். வெற்றிட உறையில் இரண்டு மூன்று பாளங்களைச் சேர்த்து விற்பார்கள். வெளியே தெரிவது அழகாக இருக்கும், உள்ளே இருப்பது எலும்பு தெரியச் சீவப்பட்டதாக இருக்கலாம். பையை வளைத்துப் பாருங்கள், தடவிப் பாருங்கள், கூச்சம் வேண்டாம். கறியின் மேல்பக்கம் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பையைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

உறையில் இருக்கும் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். உப்புக் கரைசல் சேர்க்கப்பட்டது என்று சதவீதத்தோடு அச்சிட்டிருந்தால் அந்தக் கறியில் உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கிறது. கரைசல் சேர்த்ததையும் சேர்க்காததையும் கலந்து வாங்காதீர்கள். ஒன்று கரிக்கும், மற்றொன்று சப்பென்று இருக்கும்.

செயின்ட் லூயிஸ் பாளம் ஒன்றில் பன்னிரண்டு எலும்பு என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு பாளத்தில் 144. ஆளுக்கு நான்கு எலும்பு என்றால் 36 பேருக்கு வரும். பக்க உணவுகள் இருந்தால் நாற்பது பேருக்கும் போதும்.

பெட்டியைத் தெரிந்துகொள்ளுதல்

விருந்துக்கு முந்தைய வாரம் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் கறிக்குப் போகிறவர்கள்தான் பெரும்பான்மை.

உங்கள் ஸ்மோக்கர் 325 டிகிரி பாரன்ஹீட் (163 செல்சியஸ்) வரை ஏறும் என்றால், மலிவான வெள்ளை பிரெட் துண்டுகளை எல்லாத் தட்டுகளிலும், நான்கு மூலையிலும் நடுவிலும் பரப்பி, அந்தச் சூட்டில் வைத்துப் பாருங்கள். எந்தத் துண்டு முதலில் பழுப்பாகிறதோ அங்கே சூடு அதிகம். எந்த இடம் முந்துகிறது என்பதைத் தட்டுவாரியாக ஒரு தாளில் வரைந்து கதவின் உட்புறம் ஒட்ட வேண்டாம், கருகிவிடும். சமையலறையில் வையுங்கள். 275 டிகிரிக்கு (135 செல்சியஸ்) மேல் ஏறாத மின்சாரப் பெட்டியில் பிரெட் காயுமே தவிர நிறம் மாற வெகுநேரமாகும். அங்கே மேல், நடு, கீழ்த் தட்டுகளில் ஒவ்வொரு தெர்மாமீட்டரை வைத்து அரை மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்வதே வழி. கதவில் பதித்து வரும் வட்ட முள் கருவியை நம்பாதீர்கள். கதவுக்கு அருகில் என்ன சூடு என்பதைத்தான் அது சொல்லும், கறி இருக்கும் இடத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. காலிப் பெட்டியின் வரைபடம் நிறைந்த பெட்டிக்கு முழுதாகப் பொருந்தாது. காலியாக இருக்கும்போது வெப்பக்காற்று நேராக மேலே ஏறி உச்சியில் தேங்குகிறது, அதனால் மேல்தட்டுதான் சூடாகத் தெரியும். பதினைந்து கிலோ குளிர்ந்த கறியை அடுக்கியதும், ஏறிவரும் வெப்பத்தைக் கீழ்த்தட்டுக் கறி முதலில் உறிஞ்சிக்கொள்கிறது. மேலே போகும் காற்றில் சூடு குறைந்து ஈரம் கூடியிருக்கும். முதல் இரண்டு மணி நேரம் மேல்தட்டு பின்தங்குவது இதனால்தான். கறி சூடேறிய பிறகு நிலைமை மெல்லத் திரும்பும். தட்டுக்குத் தட்டு 20, 30 டிகிரி பாரன்ஹீட் வித்தியாசம் இருந்தால் பெட்டி பழுது என்று பொருளில்லை. எனவே பிரெட் சோதனையில் கிடைத்த வரைபடத்தில் மூலைகளையும் பின்சுவரையும் மட்டும் நம்புங்கள். மேல் கீழ்க் கணக்கை அன்றைய தெர்மாமீட்டர் சொல்லட்டும்.

விசிறி பொருத்திய தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருப்பவர்கள் அதன் உணரியை நடுத்தட்டில், கறியிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கட்டுங்கள். குளிர்ந்த கறியை உரசிக்கொண்டு இருந்தால், பெட்டி ஆறிவிட்டது என்று நினைத்து அது நெருப்பை விசிறிக்கொண்டே இருக்கும். விளைவு கீழ்த்தட்டில் தெரியும்.

முந்தின நாள்

உறைந்த கறி என்றால் இரண்டு நாள் முன்பே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். அங்கே இடம் போதாவிட்டால் நிறையப் பனிக்கட்டி போட்ட ஐஸ் பெட்டி உதவும், ஆனால் உள்ளே 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு (4 செல்சியஸ்) மேல் போகக் கூடாது. சமையல் மேடையில் வைத்து உருக்குவது வேண்டாம்.

எலும்புப் பக்கம் படிந்திருக்கும் சவ்வை நீக்க வேண்டும். அது வேகாது, மசாலாவையும் உள்ளே விடாது. ஒரு முனையில், எலும்பின் மேல் மழுங்கிய கத்தியை நுழைத்துச் சவ்வை நெம்பித் தூக்குங்கள். காகிதத் துண்டால் பிடித்து ஒரே இழுவையாக இழுங்கள். கையால் பிடித்தால் வழுக்கும். பன்னிரண்டு பாளத்துக்கு இந்த வேலை அலுப்பானதுதான், பக்கத்தில் ஒரு ஆளை உட்கார்த்திக்கொள்ளுங்கள். தொங்கும் கறித் துணுக்குகளையும், ஓரத்தில் மெலிந்து நீளும் சதையையும் வெட்டிவிடுங்கள். முதலில் கருகுவது அவைதான்.

உப்பைக் கரண்டிக் கணக்கில் போடாதீர்கள். அமெரிக்கக் கடைகளில் கோஷர் என்ற பெயரில் விற்கும் பரல் உப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் பரல் அளவு மாறும், ஒரே கரண்டியில் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகக்கூட வரும். எடை போடுங்கள்: எலும்போடு சேர்த்து ஒரு கிலோவுக்கு 8 முதல் 10 கிராம். கரைசல் சேர்த்த கறி என்றால் பாதி. பாளம் பாளமாக உப்பை நிறுத்துத் தூவினால் சுவையில் சீர்மை வந்துவிடும். இதைத் தனியாக முந்தின இரவே தூவிக் குளிரில் வைத்துவிடலாம்.

மற்ற மசாலா, உப்பில்லாமல், பன்னிரண்டு பாளத்துக்கு: பழுப்புச் சர்க்கரை 200 கிராம், பாப்ரிகா 120, மிளகுத்தூள் 40, பூண்டுத்தூள் 40, வெங்காயத்தூள் 30, கடுகுத்தூள் 20, கெய்ன் மிளகாய்த்தூள் 15. பாப்ரிகாவுக்குப் பதில் காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டால் நிறம் அருமையாக வரும், காரமும் கொஞ்சம் ஏறும், அப்போது கெய்னை விட்டுவிடுங்கள். கரம் மசாலா சேர்க்கலாமா என்று கேட்பார்கள். ஹிக்கரி என்ற விறகின் புகையோடு கிராம்பும் பட்டையும் மல்லுக்கட்டும், எதுவும் தெளிவாக நாக்குக்கு வராது. என் சமையலில் அதற்கு இடமில்லை. இந்தத் தூளை அடுப்பில் ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன் தடவினால் போதும். ஒட்டுவதற்கு மெல்லிய கடுகு விழுது பூசிக்கொள்ளலாம், சுவையில் அது தெரியாது.

நெருப்பு

மாலை 6 மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். காலை 8.30-க்கு நெருப்பு மூட்டுங்கள்.

எங்கே வைக்கிறீர்கள் என்பது முதலில். திறந்த வெளி, காற்றோட்டமான இடம், சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் தள்ளி. மழை என்று கராஜுக்குள் தள்ளிக் கதவைப் பாதி திறந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. கராஜ் கதவைத் திறந்துவைத்தாலும் ஆபத்துதான். அடுக்குமாடி வீட்டு பால்கனியும் வேண்டாம்.

கரிப் பெட்டியில், எரியாத கரியை நிரப்பி அதன் மேல் ஒரு சிறு குவியல் கனன்ற கரியைப் போட்டால், மேலிருந்து கீழாக மெல்லப் பற்றி மணிக்கணக்கில் ஒரே சூடாக எரியும். போட்டிகளில் சமைத்த ஜிம் மினியன் என்பவர் பெயரால் இது மினியன் முறை எனப்படுகிறது. புகைபோக்கியை முழுவதும் திறந்தே வையுங்கள். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழே இருக்கும் காற்றுத் துளையில் மட்டும் நடக்கட்டும். மேலே அடைத்தால் புகை உள்ளே தேங்கிக் கறியில் கசப்பாகப் படியும்.

விறகு: ஹிக்கரி, ஓக், ஆப்பிள், செர்ரி, பீக்கன் எல்லாம் நல்லவை. புதியவர்களுக்கு ஆப்பிளும் கொஞ்சம் ஹிக்கரியும் கலந்தது பாதுகாப்பானது. பைன் போன்ற பிசின் மரங்கள் கூடவே கூடாது. கறி ஆறு மடங்கு கூடியதே, விறகும் ஆறு மடங்கு வேண்டுமா என்றால் வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் காற்றில் எவ்வளவு புகை என்பதுதான் கணக்கு, அது எல்லாப் பாளத்தையும் தழுவித்தான் போகிறது. கைப்பிடி அளவுக் கட்டைகள் ஐந்தாறு, கரிக்குள் அங்கங்கே புதைத்து வைத்தால் போதும். தண்ணீரில் ஊறவைக்க வேண்டியதில்லை. ஊறிய கட்டை முதலில் நீராவியைத்தான் விடும், நெருப்பும் தணியும். மூட்டியதும் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை அடங்கி, மெல்லிய நீலப் புகையாக மாறும் வரை கறியை உள்ளே வைக்காதீர்கள்.

தண்ணீர்ப் பாத்திரம் பற்றிக் கடும் வாக்குவாதங்கள் நடக்கும். தண்ணீர் கொதிநிலைக்கு மேல் ஏறாது, எனவே நெருப்பின் நேரடி வெக்கையை அது தடுத்து நிறுத்துகிறது. இரண்டு பாளம் மட்டும் வைக்கும்போது ஈரமும் தேவைதான். பன்னிரண்டு பாளம் வைக்கும்போது ஈரத்துக்குப் பஞ்சமில்லை, கறியே அவ்வளவு நீரை விடும். அப்போது தண்ணீரைச் சூடாக்கவும் சேர்த்து எரிபொருள் செலவழிக்க வேண்டுமா என்று யோசியுங்கள். வலுவான கரிப் பெட்டி என்றால் கொதிக்கும் நீராக ஊற்றிப் பாதி நிரப்புங்கள். திணறும் மின்சாரப் பெட்டி என்றால் பாத்திரத்தை அலுமினிய ஃபாயில் சுற்றிக் காலியாகவே வையுங்கள். வெக்கையைத் தடுக்கும், கொழுப்பையும் பிடிக்கும். சிறிய மின்சாரப் பெட்டியில் பன்னிரண்டு பாளம் என்பதே பேராசை, ஆறோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காலிப் பெட்டியை 275 டிகிரி வரை (135 செல்சியஸ்) ஏற்றி, அரை மணி அப்படியே விடுங்கள். சுவரும் தட்டும் சூடேற வேண்டும். கறி உள்ளே போனதும் அது எப்படியும் இறங்கும். சமைக்கும் இலக்கு 240 முதல் 250 டிகிரி (115 முதல் 121 செல்சியஸ்). 225 என்பதை வேதமாகச் சொல்பவர்கள் உண்டு. நிறைந்த பெட்டியில் 225 என்றால் ஏதோ ஒரு தட்டு 200-இல் கிடக்கும், அது மாலைக்குள் வேகாது.

அடுக்குதல்

காலை 10 மணி. தட்டுக்கு இரண்டு பாளம், ஆறு தட்டு. எலும்புப் பக்கம் கீழே. சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி, பாளத்துக்குப் பாளம் இரண்டு விரல் இடைவெளி. மூன்றாவது பாளம் நெருக்கிப் பிடிக்குமே என்று தோன்றும், வேண்டாம். தட்டு முழுவதையும் கறி அடைத்துக்கொண்டால் அது கூரையாகிவிடும். வெப்பமும் புகையும் சுவரோரமாகவே ஏறிப் போகும், ஓரம் கருகி நடு வெளுத்துக் கிடக்கும். ஒரு தட்டில் பாளங்களைச் சற்று இடப்பக்கமும், அடுத்த தட்டில் சற்று வலப்பக்கமும் தள்ளி வைத்தால் காற்று வளைந்து வளைந்து ஏறும்.

பெரிய பாளங்களை, வரைபடத்தில் சூடாகத் தெரிந்த இடங்களுக்குக் கொடுங்கள். எல்லாம் ஒரே எடை என்றாலும் ஒன்றிரண்டு எப்போதும் தடித்திருக்கும். பாளத்தின் மெலிந்த முனை கதவுப் பக்கம், தடித்த முனை பின்சுவர்ப் பக்கம். பல பெட்டிகளில் பின்பக்கம்தான் சூடு கூடியது, உங்களுடையது மாறாக இருந்தால் மாற்றி வையுங்கள். கோழியும் சேர்த்து வைக்க ஆசைப்பட்டால் அதை அடித்தட்டில்தான் வைக்க வேண்டும், பச்சைக் கோழியின் சாறு ரிப்ஸ் மேல் சொட்டக் கூடாது.

பாளங்களை நிமிர்த்தி நிறுத்தும் கம்பிச் சட்டங்கள் கிடைக்கின்றன. இடம் மிச்சம், காற்றும் நன்றாகப் போகும். ஆனால் ஒன்றையொன்று உரசாமல் நிற்க வேண்டும், உரசும் இடத்தில் வெளிறிய திட்டு விழும்.

முதல் இரண்டரை மணி நேரம்

கதவைத் திறக்காதீர்கள். இந்த நேரத்தில் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். கறியின் மேற்பரப்பு குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும்போதுதான் புகை நன்றாகப் படிகிறது. வெட்டிப் பார்த்தால் தெரியும் இளஞ்சிவப்பு வளையமும் இப்போதுதான் உருவாகிறது. புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்குச் சிவப்பு நிறம் தரும் புரதமான மயோகுளோபினோடு சேர்வதால் வரும் நிறம் அது, பச்சையாக இருக்கிறது என்று விருந்தினர் பயந்தால் விளக்கிச் சொல்லுங்கள்.

சூடு 210-க்கு இறங்கி ஏறாமல் நிற்கலாம். பதறிக் காற்றுத் துளையை முழுதாகத் திறந்தால், ஒரு மணி நேரம் கழித்து 300-இல் நிற்கும். சிறிது மட்டும் திறந்து இருபது நிமிடம் பொறுங்கள். காற்று பலமாக வீசினால் மெல்லிய தகட்டுப் பெட்டி சூட்டை இழக்கும், காற்று வரும் பக்கம் ஒரு மறைப்பை நிறுத்துங்கள்.

இடம் மாற்றுதல், சுற்றுதல்

பகல் 12.30. இப்போது ஒரே ஒரு முறை கதவைத் திறந்து எல்லா வேலையையும் முடிக்க வேண்டும். இருவர் இருந்தால் நல்லது. பக்கத்தில் மேசை, தடித்த கையுறை, ஆப்பிள் சாறும் வினிகரும் சம அளவு கலந்த தெளிப்பான். தட்டுகளைக் கறியோடு உருவி மேசையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். வெளியே வைத்துப் பார்ப்பதற்கு அவசரம் தேவையில்லை.

ஆறு தட்டையும் நிறத்தின்படி வரிசைப்படுத்துங்கள். அதிகம் கறுத்தது எதுவோ அது, இதுவரை பின்தங்கிய இடத்துக்குப் போகட்டும். வெளுத்தது சூடான இடத்துக்குப் போகட்டும். கூடவே ஒவ்வொரு தட்டையும் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். மேலதைக் கீழே, கீழதை மேலே என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. கண் திறந்திருக்கும்போது அதற்கு அவசியம் என்ன? காய்ந்து தெரியும் ஓரங்களில் மட்டும் தெளியுங்கள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் கறியின் உட்சூடு 150 முதல் 170 டிகிரிக்குள் (65 முதல் 77 செல்சியஸ்) வந்து அங்கேயே தங்கிவிட்டதுபோல் தோன்றும். கறியின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாவதால் ஏற்படும் குளிர்ச்சி, வரும் வெப்பத்தை ஈடுகட்டிவிடுகிறது. இந்தத் தேக்கம் கெட்டியான துண்டுகளில் மணிக்கணக்கில் நீடிக்கும், ரிப்ஸ் மெல்லியது என்பதால் அவ்வளவு படுத்தாது. ஃபாயிலில் சுற்றினால் ஆவியாதல் நின்று சூடு ஏறத் தொடங்கும்.

பெரிய அளவில் செய்பவருக்குச் சுற்றுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. பின்தங்கியவற்றை முன்னே தள்ளவும், முந்திவிட்டவற்றின் நிறத்தை அப்படியே நிறுத்தவும் இதுவே கருவி. மேல்தோல் செம்பழுப்பாகி, நகத்தால் சுரண்டினால் மசாலா பெயராத நிலை வந்ததும் சுற்றலாம். எல்லாம் ஒரே நேரத்தில் அந்த நிலைக்கு வராது. மதியம் 1.15-க்கு நான்கு, 1.45-க்கு ஐந்து, 2.15-க்கு மிச்சம் என்று வந்தால் அப்படியே சுற்றுங்கள். இரட்டை ஃபாயில், கறிப் பக்கம் கீழே, ஓரிரு கரண்டி ஆப்பிள் சாறு, விருப்பமானால் கொஞ்சம் வெண்ணெய். சுற்றிய நேரத்தை ஃபாயில் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

சுற்றிய பிறகு கறிக்குப் புகை சேராது, அதற்கு வேண்டியது வெப்பம் மட்டும். ஆகவே ஐந்தாறு பாளத்தைச் சமையலறை ஓவனில் 250 டிகிரி பாரன்ஹீட்டில் வைத்துவிடலாம். இது ஏமாற்று வேலை என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள், சுளிக்கட்டும். ஸ்மோக்கரில் நெரிசல் பாதியாகக் குறைகிறது, மீதி இருப்பவை நன்றாக வேகின்றன, வீட்டு ஓவனின் சூடு பெட்டியை விட நம்பகமானது. நாக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

மூன்று மணி புகை, இரண்டு மணி ஃபாயில், ஒரு மணி மறுபடி வெறுமனே என்ற 3-2-1 சூத்திரம் எங்கும் கண்ணில் படும். நினைவில் வைக்க எளிது. ஆனால் செயின்ட் லூயிஸ் கட்டுக்கு இரண்டு மணி ஃபாயில் அதிகம், கறி குழைந்துபோகும். முக்கால் மணியில் முதல் சோதனையைத் தொடங்குங்கள்.

பதம்

பன்றிக் கறி முழுத்துண்டாக 145 டிகிரி (63 செல்சியஸ்) தொட்டு மூன்று நிமிடம் ஆறினால் உண்ணப் பாதுகாப்பானது என்று அமெரிக்க விவசாயத் துறை சொல்கிறது. பாதுகாப்பு வேறு, பதம் வேறு. விலாவில் இருக்கும் கொலாஜன் இழைகள் ஜெலட்டினாகக் கரைய இன்னும் சூடும் நேரமும் வேண்டும். எலும்புகளுக்கு இடையே, எலும்பைத் தொடாமல் தெர்மாமீட்டரைக் குத்தினால் 195 முதல் 203 (90 முதல் 95 செல்சியஸ்) காட்ட வேண்டும்.

எண்ணோடு நின்றுவிடாதீர்கள். பல்குத்தும் குச்சியை எலும்புகளுக்கு நடுவே நுழையுங்கள், தடையில்லாமல் இறங்க வேண்டும். சுற்றாத பாளம் என்றால் இடுக்கியால் மூன்றில் ஒரு பங்கு உள்ளே பிடித்துத் தூக்குங்கள். நன்றாக வளைந்து மேல்தோலில் கீறல் விட்டால் ஆயிற்று. எலும்பு முனைகளில் கறி அரை விரலளவு பின்வாங்கியிருப்பதும் அடையாளம்தான், ஆனால் அது மட்டும் போதாது, சூடான இடத்தில் இருந்த பாளம் வேகாமலேயே பின்வாங்கும். எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழுவதைப் பலர் விரும்புகிறார்கள். கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் போட்டி நடுவர்களோ அதை அதிகம் வெந்தது என்று மதிப்பெண் குறைப்பார்கள். கடித்த இடத்தில் பல் தடம் பதிந்து, கடித்த கறி மட்டும் வர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வீட்டு விருந்தில் உங்கள் விருந்தினரே நடுவர். ஆனால் காத்திருக்கும் நேரத்திலும் கறி கொஞ்சம் வேகும் என்பதால், அந்த நடுவர்கள் கணக்கில் எடுத்தாலே மேசைக்கு வரும்போது போதிய அளவு குழைந்திருக்கும்.

சாஸ் பூசுவதானால் ஃபாயிலைப் பிரித்து, கடைசி இருபது நிமிடம். தக்காளியும் கரும்புச்சாற்றுப் பாகும் சேர்ந்த கன்சாஸ் சிட்டி வகை சாஸில் சர்க்கரை அதிகம், நெருப்புக்கு அருகே இருக்கும் அடித்தட்டில் வைக்காதீர்கள். மெம்ஃபிஸ் நகரப் பக்கம் சாஸ் பூசாமல் உலர் மசாலாவோடு பரிமாறுவதும் பெருவழக்கு. நாற்பது பேருக்கு அதுவே எளிது, சாஸைக் கிண்ணத்தில் வைத்துவிடலாம்.

காத்து வைத்தல்

3 மணிக்கு முதல் பாளம் தயாராகலாம், கடைசியது 4.30 ஆகலாம். இந்த ஒன்றரை மணி நேர இடைவெளியைக் கண்டு கலங்க வேண்டாம். பெரிய ஐஸ் பெட்டி ஒன்றில் கொதிநீர் ஊற்றி மூடிக் கால் மணி வைத்து, கொட்டிவிட்டு, தடித்த துண்டை விரியுங்கள். வெந்து எடுத்த பாளத்தின் ஃபாயிலைத் திறந்து ஐந்து நிமிடம் ஆவி போகவிட்டு, மீண்டும் இறுக்கி மூடி உள்ளே அடுக்குங்கள். ஆவி போகாமல் அப்படியே வைத்தால் உள்ளே வெந்துகொண்டே இருக்கும், முதலில் எடுத்தவை கூழாகிவிடும். பெட்டி நிறைய நிறையச் சூடு நன்றாக நிற்கும். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ஆனால் நம்பிக்கையை மட்டும் வைத்து இருக்க வேண்டாம். ஒரு பாளத்தில் தெர்மாமீட்டர் முனையைச் செருகி வையுங்கள், 140 டிகிரிக்கு (60 செல்சியஸ்) கீழே போகக் கூடாது. நெருங்கினால் மிகக் குறைந்த சூட்டில் ஓவனுக்கு மாற்றுங்கள்.

முன்னால் வந்ததும் பின்னால் வந்ததும் இங்கேதான் ஒன்றாகின்றன. ஈரம் ஒரு நிலைக்கு வந்து, எல்லாப் பாளமும் ஏறக்குறைய ஒரே சூட்டில் நிற்கும். 6 மணிக்கு எடுத்து, எலும்புப் பக்கம் மேலே வைத்து வெட்டுங்கள். அந்தப் பக்கத்தில்தான் எலும்பு வரிசை கண்ணுக்குத் தெரியும், கத்தி தடுமாறாது.

மிச்சம் இருந்தால் பரிமாறத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குப் போக வேண்டும், குவித்து வைக்காமல் பரப்பி.

ஸ்மோக்கரில் அடியில் தேங்கிய கொழுப்பை, நெருப்பு முழுதாக அணைந்து பெட்டி இளஞ்சூடாக இருக்கும்போதே வழித்தெடுத்துவிடுங்கள். பன்னிரண்டு பாளம் சொட்டிய கொழுப்பு அடுத்த முறை பற்றிக்கொள்ளப் போதுமானது. தட்டுகளைத் தேய்த்துக் காயவைத்து, சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போடுங்கள். மறுநாளும் அதற்குள் தணல் இருக்கலாம். ஆறிய பெட்டியின் கதவை இறுகச் சாத்தாமல் ஒரு விரல் அளவு திறந்து வைத்து, காற்றுத் துளைகளையும் திறந்தே விடுங்கள். ஈரம் அடைபட்டால் சில வாரத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.